விடுப்புக் கொப்பியில் ஒரு பிழை

1. வழியிலை என்ன கண்டனீர்?

எண்பத்து நாலாம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, இணுவிலிலிருந்து குருநகருக்குச் சைக்கிள் மிதித்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனேன். கடற்கரையோரத்தில் ஒரு ஐஸ் கொம்பனி. அவர்களே ஐஸ் போடுவார்கள், வள்ளமும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டிமாரிடம் றால், அதாவது இறால், வாங்குவார்கள், றாலை ஐஸில் அடுக்கி லொறியில் தெற்கே அனுப்புவார்கள். அது நீர்கொழும்பில் ஒரு பக்டரியில் பெட்டிக்குள் அடைபட்டு யப்பானுக்குக் கப்பல் ஏறும். ஸ்ரோர்ஸ் கிளார்க் வேலைக்கு ஆள் தேவை என்றார்கள்.

முதலாளிக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட், கழுத்தில் சின்னச் சிலுவை. நான் நீட்டிய சேட்டிபிக்கற்றுகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இணுவிலிலை இருந்து சைக்கிளிலையோ வந்தனீர்?"

"ஓம் ஐயா."

"வழியிலை என்ன கண்டனீர்? சொல்லும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. கணக்குப் பாடத்தில் அதிவிசேட சித்தி எடுத்தவளிடம் இதையா கேட்பது? ஆனால் வாய் தன்பாட்டில் தொடங்கிவிட்டது. கொக்குவில் ஸ்ரேசனில் கொழும்பு ரெயிலுக்குச் சனம் நிற்கிறது. பெட்டியோடு நிற்பவர்கள் எல்லாரும் இருபது வயதுப் பெடியள், வழியனுப்ப வந்த தாய்மார் அழுகிறார்கள். சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஆஸ்பத்திரி றோட்டில் கண்ணாடிக் கடைக்காரன் கண்ணாடிகளைச் சாக்கில் சுற்றுகிறான்.

"பெடியள் அழுதவங்களோ?"

"இல்லை ஐயா. அவங்கள் ரெயில் வருதோ எண்டு பார்த்துக்கொண்டு நிண்டவங்கள்."

முதலாளி மேசையில் விரலால் தட்டினார். "அப்ப வாற வருசம் கடலுக்குப் போக ஆள் காணாது. றால் குறையும். யப்பான்காரனுக்குக் கூடத் தாறம் எண்டு இப்பவே சொல்லிப்போடக் கூடாது." பிறகு என்னைப் பார்த்து, "நீர் நாளைக்கே வாரும் பிள்ளை" என்றார்.

எங்கள் வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் 'விடுப்பு'. இந்தியாவில் விடுப்பு என்றால் லீவாம். யாழ்ப்பாணத்தில் அது வேறு சாமான்: அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று வேலிக்குள்ளால் பார்ப்பதும் அதைப் பற்றிக் கதைப்பதும். அம்மா திட்டித் திட்டித் திருத்தப் பார்த்த குணத்துக்குச் சம்பளம் தரவும் உலகத்தில் ஒருவர் இருந்தார்.

2. மூன்று பத்தி

ஸ்ரோர்ஸ் வேலையோடு எனக்கு இன்னொரு வேலையும் வந்தது. தினமும் காலை ஏழரைக்கு முதலாளி, மெசின் பார்க்கிற போர்மன், நான் மூவரும் பத்து நிமிடம் இருப்போம். அன்று எத்தனை ஐஸ் பார் போடுவது, றால் எவ்வளவு வாங்குவது, லொறி போவதா இல்லையா என்று முடிவெடுக்கிற நேரம் அது. அதற்கு முன் நான் செய்தி குறித்து வைக்கிற கொப்பியைத் திறந்து வாசிக்க வேண்டும். லண்டன் வானொலி சொன்னது, மணிலா வானொலி சொன்னது, கொழும்பு சொன்னது, சந்தையில் சனம் சொன்னது, நான் என் கண்ணால் கண்டது. போர்மன் அதற்கு 'விடுப்புக் கொப்பி' என்று பெயர் வைத்தார். முதலாளிக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போனது.

முதல் மாதம் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். டெல்லியில் மந்திரி பேசியதற்கு அடுத்த வரியில் பெரிய கடையில் மெழுகுதிரி முடிந்தது. முதலாளி தலையைச் சொறிந்தார்.

"உது சாம்பார் மாதிரிக் கிடக்கு பிள்ளை. பிரிச்சு எழுதும்."

"எப்பிடிப் பிரிக்கிறது ஐயா?"

"நாங்கள் கதைக்கிற மாதிரித்தான். இஞ்சை, உங்கை, அங்கை."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பேச்சில் இடத்துக்கு மூன்று சொல் இருக்கிறது. நான் நிற்கிற இடம் இஞ்சை. நீங்கள், என்னோடு கதைக்கிறவர், நிற்கிற இடம் உங்கை, கைகாட்டக்கூடிய கிட்டத்து இடமும் உங்கை. இரண்டு பேருக்கும் தொலைவான மூன்றாம் இடம் அங்கை. கடிதம் எழுதும்போதும் அப்படித்தான்: "இங்கு யாவரும் சுகம், உங்கு மழை எப்படி?" மற்ற ஊர்த் தமிழர் இந்த நடுச் சொல்லை எப்போதோ தொலைத்துவிட்டார்கள். நாங்கள் விடவில்லை.

முதலாளி பக்கத்தில் கோடு கீறி இந்த மூன்றையும் மூன்று பத்தியாக்கினார். இஞ்சைப் பத்தியில் குடாநாட்டுக்குள் நாங்களே கண்டது. உங்கைப் பத்தியில் எங்களோடு தொழில் செய்கிறவர்கள் தங்கள் இடத்திலிருந்து சொல்வது: கொழும்பு ஏஜென்ற், வவுனியாவில் லொறி நிற்கிற கடை. அங்கைப் பத்தியில் டெல்லி, யப்பான், பாராளுமன்றம், எண்ணெய் விலை. மூன்று பத்தியும் ஒரே பக்கம் சாய்ந்தால் முடிவு எடுக்கலாம். ஒன்று மாறி நின்றால் ஒரு நாள் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

அது வேலை செய்தது என்பதுதான் வேடிக்கை. எண்பத்தைந்தில் வெளிநாட்டில் பேச்சுவார்த்தை என்று வானொலியெல்லாம் சந்தோசப்பட்டபோது, முதலாளி ஐஸ் மெசினுக்கு வேண்டிய அமோனியா சிலிண்டர் வழக்கத்தைவிட இரட்டிப்பாக எடுப்பித்தார்.

"சமாதானம் வரப்போகுது எண்டுகினம், ஏன் ஐயா இப்ப இவ்வளவு?" என்று கேட்டேன்.

"பேச்சு நடக்கேக்கைதான் பாதை சுகமாயிருக்கும். முறிஞ்சாப் பிறகு கேட்டால் சிலிண்டர் வராது, நொண்டிச் சாட்டுத்தான் வரும்."

பேச்சு முறிந்தது. குடாநாட்டுக்கு எரிபொருளும் மற்றச் சாமானும் மட்டுமட்டாக வந்த காலத்தில் மற்ற ஐஸ்காரர் காஸ் இல்லாமல் நிற்க, நாங்கள் பாதிக் கொள்ளளவிலாவது ஓடினோம். எனக்குத் தலை கனத்தது. டெல்லியில் யாராவது தும்மினால் குருநகரில் எத்தனை ஐஸ் பார் குறையும் என்று சொல்லக்கூடியவள் நான் என்று நம்பத் தொடங்கினேன்.

3. "அங்க வைப்பா"

எண்பத்தெட்டில் இந்திய ஆமி எங்கள் றோட்டுகளில் நின்றது. அவர்களுடைய சமையற்கூடத்துக்கு ஐஸ் வாங்க ஒரு ஹவில்தார் வருவார். மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனுசன். ஒருநாள் அவர் ஐஸ் பார் தூக்கிவந்த எங்கள் ஆளிடம், முதலாளி நின்ற இடத்தைக் காட்டி, "அங்க வைப்பா" என்றார். முதலாளியின் காலடியில் ஐஸ் பாரை இறக்கச் சொன்னார். எங்கள் ஆள் பாரைத் தோளில் தூக்கிக்கொண்டு முதலாளியைத் தாண்டி, வளவைத் தாண்டி, கேற்றைத் தாண்டிப் போய் றோட்டில் நின்ற ஆமி லொறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தான்.

"நான் அங்கன்னுதானே சொன்னேன்?"

"ஓம் சேர், அங்கைதான் வைச்சனான்."

"யோவ், இந்தா இவர் நிக்கிற இடத்துல!"

"அது உங்கையெல்லோ சேர்!"

வளவே சிரித்தது. ஹவில்தாரும் சிரித்தார். வெயிலில் பார் பாதி கரைந்துவிட்டது. அன்று மாலை கொப்பியில் பகிடியாக எழுதி வைத்தேன்: 'இந்தியத் தமிழில் உங்கை இல்லை.' அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

4. கடிதம்

இந்திய ஆமி கப்பலேறிப் போன தொண்ணூறாம் ஆண்டு, இரண்டு மூன்று மாதம் ஊர் மூச்சு விட்டது. எங்கள் லொறி வாரம் ஒருமுறை தெற்கே போய்வந்தது. ஓட்டியவர் சூசை அண்ணை, குருநகர்க்காரர், முப்பத்தைந்து வயது. பத்து வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்து, அப்போதுதான் மனைவி பிலோமினா அக்கா கர்ப்பம். ஏழாம் மாதம். சூசை அண்ணை கண்டவர் எல்லாரிடமும் அதைச் சொல்லுவார். ஐஸ் பாரிடமும் சொல்லுவார் என்று போர்மன் பகிடி பண்ணுவார்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை சூசை அண்ணை கொழும்பிலிருந்து திரும்பி வந்து ஒரு கடிதம் தந்தார். எங்கள் ஏஜென்ற் கந்தையா அண்ணையின் கடிதம். அவர் எங்கள் ஊர்ப்பக்கத்து மனுசன், கொழும்பில் முப்பது வருடம். கடிதத்தை அவர் சொல்ல, அவருடைய கிளார்க் ராமையா எழுதுவார். ராமையா மாத்தளைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்தவர், முத்து முத்தான எழுத்து. வாரம் தவறாமல் அந்த எழுத்தைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு.

கடிதம் சின்னது. இங்கு நலம், ஓடர் வழமைபோல. பிறகு ஒரு வரி: 'அங்கே சீக்கிரம் மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. லொறி விஷயத்தில் கவனமாக இருக்கவும்.'

அங்கே. இங்கு என்றால் கந்தையா அண்ணை இருக்கிற கொழும்பு. உங்கு என்றால் நாங்கள் இருக்கிற யாழ்ப்பாணம். அங்கே என்றால் மூன்றாம் இடம். மூன்றாம் இடம் நீர்கொழும்புப் பக்டரிதானே? போன வருடமும் மெசின் திருத்த என்று இரண்டு வாரம் பூட்டி, எங்கள் ஒரு லோட் றால் நாறிப் போனது. நான் ஒரு கணமும் தயங்காமல் அங்கைப் பத்தியில் எழுதினேன்: 'பக்டரி பூட்டப்போகினம். லொறி கெதியாகப் போகவேணும்.'

வெள்ளி காலை முதலாளி கேட்டார், "நிச்சயமோ பிள்ளை?"

"கந்தையா அண்ணை எழுதினால் எழுதினதுதான் ஐயா."

"இஞ்சை எப்பிடி?"

"இஞ்சை அமைதி. கிழக்கிலைதான் பொலிசோடை ஏதோ இழுபறி எண்டு லண்டன் சொல்லுது."

"அப்ப திங்கள்வரை பார்த்துக்கொண்டு நிக்கவேண்டாம். நாளைக்கே விடுவம்."

சனி காலை லோட் ஏறிக்கொண்டிருந்தபோது சூசை அண்ணை ஒபிஸ் ஜன்னலுக்கு வந்தார். வழக்கமாக ஒரு ட்ரிப் முடிந்தால் மூன்று நாள் வீட்டில் நிற்பவர்.

"உந்தக் கடிதத்திலை என்ன கிடக்கு பிள்ளை, இவ்வளவு அவசரமா?"

"அங்கை பூட்டப்போகினமாம் அண்ணை. அதுக்கு முந்திப் போய்ச் சேரவேணும்."

அவர் லொறியைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, "சரி, கொப்பி சொன்னால் சரிதானே" என்றார். பிலோமினா அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு சோற்றுப் பார்சலோடு கேற்றடியில் நின்றா. "புதனுக்கு நிப்பன்" என்று அவவிடம் சொல்லிவிட்டு ஏறினார்.

திங்கட்கிழமை சண்டை தொடங்கியது. அந்தக் கிழமையே பாதை பூட்டியது. மின்சாரம் போனது, தபால் போனது. புதன் வந்தது, சூசை அண்ணை வரவில்லை.

5. ரயர்

பிலோமினா அக்கா ஒவ்வொரு நாள் காலையும் பூசை முடிந்து நேரே எங்கள் ஒபிசுக்கு வருவா. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பா:

"பிள்ளை, உங்கை ஏதும் கதை வந்ததோ?"

உங்கை. நான் இருக்கிற இடத்தில், என் கொப்பியில். நான் மூன்று பத்தியையும் புரட்டிவிட்டு, "இன்னும் இல்லை அக்கா" என்பேன். உலகத்துச் செய்தியெல்லாம் என்னிடம் இருந்தது. குவைத்தில் சண்டை, எண்ணெய் விலை ஏற்றம் எல்லாம் இருந்தது. சூசை அண்ணை குடாநாட்டு வாசலான ஆனையிறவைத் தாண்டினாரா என்பது மட்டும் இல்லை. விமானம் குண்டு போடுகிற நாட்களிலும் அவ வந்தா. எட்டாம் மாதம் போய் ஒன்பதாம் மாதம் வந்ததும் நடக்க முடியாமல் தமையன் மகளை அனுப்பினா. ஓகஸ்ட் கடைசியில் பெண் பிள்ளை பிறந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில், பூட்டின றோட்டை விட்டுக் கொம்படி வெளியால் தண்ணீருக்குள் நடந்து வந்த ஒரு ஆசிரியர் ஒரு கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். கந்தையா அண்ணை தன் கைப்பட எழுதியது. கோழி கிளறிய எழுத்து. சூசை சுகம், தன்னோடுதான் நிற்கிறான், லொறி வளவில் நிற்கிறது, வழி கிடைத்ததும் வருவான். நான் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு பிலோமினா அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசித்துக் காட்டினேன். அவ பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு முழங்காலில் இருந்து அழுதா. நானும் அழுதேன்.

மிச்சத்தைத் திரும்பி வரும் வழியில்தான் வாசித்தேன். 'நான் ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, உங்கு பாதை பூட்டப்போகிறார்கள், லொறியை வெளியே விடவேண்டாம் என்று எழுதும்படி ராமையாவுக்கு வாயால் சொல்லிவிட்டேன். கடிதம் கிடைத்ததா? கிடைத்தும் ஏன் அனுப்பினீர்கள்?'

சைக்கிளை றோட்டோரம் சாத்திவிட்டு நின்றேன். அந்தமுறை கடிதத்தை ராமையா தன் சொல்லிலேயே எழுதியிருக்கிறார். அவருடைய தோட்டத்துத் தமிழிலும் உங்கை இல்லை, யாழ்ப்பாணம் 'அங்கே'. ஐஸ் பாரைத் தோளில் தூக்கிக்கொண்டு முதலாளியைத் தாண்டிப் போனவனைப் பார்த்துச் சிரித்தவள் நான். நான் தூக்கிக்கொண்டு போனது ஒரு மனுசனை. ஒபிசுக்கு வந்து பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கீழே கையொப்பம்கூட ராமையாவுடையதுதான். எழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன், ஆளைப் பார்க்கவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். வேலையை விடுகிறேன் என்றும் சொன்னேன். "எழுதினது நீர், அனுப்பினது நான்" என்றார். "அவன் வரட்டும். அவனுக்கு இரண்டு பேரும் சொல்லுவம்."

நவம்பரில் சூசை அண்ணை வந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்து, தாடியோடு, கையில் ஒரு பிள்ளைச் சட்டை. பிள்ளை அவரைக் கண்டு வீறிட்டு அழுததாம். அடுத்த நாள் ஒபிசுக்கு வந்தார். நான் கடிதத்தை மேசையில் வைத்து என் பிழையைச் சொன்னேன், முதலாளி தன் பிழையைச் சொன்னார். சூசை அண்ணை திட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவர் கடிதத்தைத் தொடவில்லை. "பக்டரி திறந்துதான் கிடந்தது பிள்ளை. ஏன் இவ்வளவு கெதியா வந்தனீ எண்டு அவங்கள் என்னைக் கேட்டவங்கள். அப்பவே எனக்கு விளங்கினது" என்றார். பிறகு, "எனக்கு அதுக்கு முதலே தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அதுக்கு முந்தின ட்ரிப்பிலை, வவுனியாவிலை என்ரை ரயர் ஒண்டைப் பஞ்சர் ஒட்டக் குடுத்திருந்தனான். சிங்கள ஆள், பத்து வருசப் பழக்கம். அவன் ஒட்டாமலே திருப்பித் தந்திட்டான். கொண்டு போ சூசை, உன்ரை சாமான் உன்னோடை இருக்கட்டும் எண்டான். வாற வழியிலை பார்த்தால், வெங்காயம் ஏத்த வாற தெற்கு லொறியள் எல்லாம் வெறுமனே திரும்பிப் போகுது. அப்பவே நினைச்சனான், பாதை பூட்டப்போறாங்கள் எண்டு."

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே."

முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார்.

6. நாலாம் பத்தி

மறுநாள் ஏழரைக் கூட்டத்துக்கு நாலாவது கதிரை வந்தது. சூசை அண்ணை ஓட்ட லொறி இல்லை. மண்ணெண்ணெயில் வாரம் இரண்டு நாள்தான் ஐஸ் போட்டோம். றாலை ஊருக்குள்ளேயே விற்றோம். ஆனாலும் அவர் வந்து இருந்தார். கொப்பியில் நான் நாலாவது பத்தி ஒன்று கீறினேன். தலைப்பு: 'போறவர்'. இந்த முடிவை எடுத்தால் எவருடைய உடம்பு றோட்டில் போகுமோ, அவர் சொல்வது அந்தப் பத்தியில் வரும். முதலில் அதை வாசிக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை.

இப்போதெல்லாம் பெரிய கொம்பனிகளில் உலக நடப்பைப் பார்த்துச் சொல்லத் தனிப் பிரிவே இருக்கிறதாம். என் பேத்தி முறையான ஒருத்தி அப்படி ஒன்றில் வேலை செய்கிறாள், திரை நிறையப் படம் போட்டுக் காட்டுகிறாள். அவளிடம் இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டேன். செய்தி எழுதினவர் எங்கே நின்று எழுதினவர் என்று பார்க்கிறீர்களா? போகிற ஆளிடம் கேட்கிறீர்களா? பிள்ளை திரையில் அடுத்த படத்தைப் போட்டாள்.

கடைசியாக ஒன்று. தொண்ணூற்றோராம் ஆண்டு கடைசியில் கொம்பிரசர் பெல்ற் அறுந்தது. வவுனியாவில் ஒன்று இருக்கிறது என்று தகவல் வந்தது. கிளாலிக் கடலால், நேவியின் கண்ணில் படாமல், வள்ளத்தில் போய்வர வேண்டும். நான் வாசித்தேன்: அங்கை அமைதி, உங்கை சாமான் தயார், இஞ்சை வள்ளங்கள் ஓடுகின்றன. மூன்று பத்தியும் ஒரே பக்கம். முதலாளி சூசை அண்ணையைப் பார்த்தார்.

"நான் போகேல்லை முதலாளி."

முதலாளி ஏன் என்று கேட்கவில்லை. "சரி, விடு. வேறை வழி பார்ப்பம்" என்றார். அந்தக் கிழமை கடலில் ஒன்றும் நடக்கவில்லை. போனவர்கள் போய் வந்தார்கள். பக்கத்து ஐஸ்காரர் தங்களுக்கு வேண்டிய சாமானை எடுப்பித்துக்கொண்டார்கள். நாங்கள் மூன்று கிழமை மெசினை நிறுத்திவிட்டு இருந்தோம்.

விடுப்பு என்னை விடவில்லை. கூட்டம் முடிந்ததும் சூசை அண்ணையைக் கேற்றடியில் மறித்தேன். "என்ன கண்டனீங்கள் அண்ணை? கடலிலை ஏதும் அசைவு சிலமன் தெரிஞ்சதோ? ஆரும் ஏதும் சொன்னவையோ?"

அவர் வெட்கப்பட்டமாதிரிச் சிரித்தார். "ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஒரு வருசமா என்னட்டை வராமல் அழுதவள், நேற்றுத்தான் முதல்முதலா என்னை அப்பா எண்டவள்."

நான் உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். இதையும் எழுதுவதா என்று கேட்டேன்.

"எழுதும் பிள்ளை. நாலாம் பத்தியிலை."

எழுதினேன். பதினொரு வருடம் அந்தக் கொப்பியில் எழுதியவற்றில், எந்த ஊர்க்காரன் வாசித்தாலும் பிழையாக விளங்காத வரி அது ஒன்றுதான்.